இரவல் தூக்கம்

தூக்கத்தைப் பற்றி வாய் கிழியப் பேசுகிறவர்கள் யாரும் ஒழுங்காகத் தூங்குவதில்லை. இந்தக் குத்துச்சண்டை நடுவரும் அந்த ரகம்தான். "நமக்கெல்லாம் தலையணையில தலை பட்டாப் போதும், அடுத்த நிமிஷம் ஆளே இருக்க மாட்டேன்" என்று சங்கத்து அறையில் தேநீர்க் கோப்பையும் கையுமாக அவர் அளந்து விடாத வாரம் கிடையாது. கேட்டுக்கொண்டிருக்கிற மற்ற நடுவர்கள் மட்டும் சும்மா இருப்பார்களா? ஒருத்தர் தனக்குப் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது என்பார். இன்னொருத்தர் தன்னை எழுப்புவதற்குள் மனைவிக்குப் பாதி உயிர் போய்விடும் என்பார். இத்தனையும் சொல்கிறவர்களின் கண்ணுக்குக் கீழே ஆளுக்கு ஒரு பை தொங்கும். தூக்கம் வரவில்லை என்று வாயைத் திறந்து சொல்லிவிட்டால் அடுத்த போட்டிக்குக் கூப்பிட மாட்டார்கள் என்ற பயம் எல்லோருக்கும். அதனால் உலகத்திலேயே நன்றாகத் தூங்குகிற கூட்டம் அந்த அறையில் உட்கார்ந்து, கொட்டாவியை உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டிருந்தது.

இவரும் இளமையில் ரிங்கில் ஏறியவர்தான். ஏறிய வேகத்திலேயே இறங்கியும் வந்தவர். கடைசியாக ஆடிய போட்டியில் தாடையில் ஒன்று வாங்கி, கொடியில் காயப்போட்ட துணி மாதிரி கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தபோது அன்றைய நடுவர் குறுக்கே புகுந்து ஆட்டத்தை நிறுத்திவிட்டார். அந்தப் புண்ணியவான் நிறுத்தியிருக்காவிட்டால் இவருக்கு இன்றைக்குப் பேச வாயே இருந்திருக்காது. இவர் சொல்லும் கதையோ வேறு. "இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா நான் அவனைச் சாய்ச்சிருப்பேன். அந்த ஆளு அவசரப்பட்டுக் கெடுத்துட்டான்" என்பார். அந்தப் பொருமலோடே அவர் நடுவரும் ஆனார். மற்றவர்கள் நிறுத்துகிற இடத்தில் தான் நிறுத்துவதில்லை என்பது அவருக்குப் பெரிய பெருமை. "நான் வீரனுக்கு வாய்ப்புக் கொடுக்கிற நடுவர்" என்று தனக்குத் தானே பட்டம் சூட்டிக்கொண்டு, தோள்பையில் 'கழுகுக் கண்' என்று எழுதி ஒட்டியும் வைத்திருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் சங்கத்தில் வழங்கிய பெயர் ஆந்தை.

பகலில் அவருக்குத் தண்ணீர் மீட்டர் அலுவலகத்தில் மேற்பார்வையாளர் வேலை. வீடு வீடாக மீட்டர் பார்க்கப் போகிறவர்களை விரட்டுவதும், அவர்கள் திரும்பி வந்ததும் ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்பதும்தான் அந்த வேலை. உட்கார்ந்து பிழைக்கிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. ரிங்குக்கு வெளியே நாற்காலி போட்டுப் பாயிண்ட் போடுகிறவர்களை அவர் மனிதர்களில் சேர்ப்பதே இல்லை. தானும் அலுவலகத்தில் நாள் முழுக்க நாற்காலியைத்தான் தேய்க்கிறோம் என்பது அவர் புத்தியில் ஏறியதாகத் தெரியவில்லை.

சரி, அவருக்கு ஏன் தூக்கம் வரவில்லை? நடுவர்களுக்குத் தூக்கம் கெடுவதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. ரிங்கில் ஏறி இறங்கினால் உடம்பு அடங்க நேரம் பிடிக்கும். இன்னும் ஒரு நொடி முன்னால் நிறுத்தியிருக்கலாமோ என்ற எண்ணம் படுக்கையில் கூடவே வந்து படுத்துக்கொள்ளும். அப்படிப்பட்டவர்களைப் பார்த்தால் நமக்கே பாவமாக இருக்கும். இவர்மேல் பாவப்பட ஒன்றுமில்லை. போட்டியை யாராவது செல்போனில் எடுத்துப் போட்டிருப்பார்கள். அதன் கீழே நாலு பேர் ஏதாவது எழுதியிருப்பார்கள். நாய்ப் படம் வைத்திருக்கிற எவனோ ஒருத்தன் "யாராவது நடுவருக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுங்கப்பா" என்று எழுதிவிட்டு நிம்மதியாகக் குப்புறப் படுத்துத் தூங்கியிருப்பான். இவர் போர்வைக்குள் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு 'ஒரு ரசிகன்' என்ற கள்ளப் பெயரில் அவனுக்குப் பதில் எழுதிக்கொண்டிருப்பார். 'அந்த நடுவரைப் போல ஒருவர் இனிமேல் பிறந்துதான் வரவேண்டும்' என்று எழுதும்போது அவருக்குக் கொஞ்சம்கூடக் கூச்சம் கிடையாது. நாய்ப் படம் மறுநாள் காலையில் எழுந்து, பல் தேய்த்துக்கொண்டே ஒரு வரி எழுதிப் போடும். அதற்கு மறுபடி ஒரு ராத்திரி.

இதெல்லாம் அவருடைய மனைவிக்குத் தெரியும். அவள் தெருமுனையில் சலவைக்கடை நடத்துகிறவள். ஊர்த் துணியெல்லாம் கைக்கு வருவதால் அவளிடம் பொய் சொல்வது கஷ்டம். நடுவரின் நீலச் சட்டையைப் பார்த்தே ஆட்டம் எப்படிப் போனது என்று சொல்லிவிடுவாள். தோளில் ரத்தம் இருந்தால் சண்டைக்காரர்களைப் பிரித்து விட்டிருக்கிறார், மார்பில் இருந்தால் அடிபட்டவனைத் தாங்கிப் பிடித்திருக்கிறார். பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டுக்கொண்டே, "போன்ல யாரோட சண்டை? கொஞ்சம் தூங்கித் தொலைங்களேன்" என்பாள். "தூங்குறவன் தூங்கட்டும். ரிங்குல நிக்கிறவனுக்குக் கோழித்தூக்கம் போதும்" என்று இவர் மீசையைத் தடவுவார். அவள் மறுபடி சட்டையைத் தேய்க்கப் போய்விடுவாள். மனுஷன் திருந்துவான் என்ற எண்ணத்தை அவள் கைவிட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது.

அந்த வீட்டில் மூன்றாவதாக ஒரு ஆள் உண்டு. அவளுடைய தம்பி. மெத்தைக் கடையில் விற்பனையாளன். வாங்க வருகிறவர்களுக்கு மெத்தையைப் படுத்துக் காட்டச் சொன்னால், படுத்தவன் எழுந்திருக்க மாட்டான். பார்க்கிறவர்களுக்கு ஆசை வந்து வாங்கிப் போவார்கள். கடையில் அவனை மெச்சிக்கொள்வார்கள். வீட்டிலோ நடுவருக்கு அவனைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். சோபாவில் வாயைப் பிளந்து கிடக்கிறவனின் காலை ஓர் உதை உதைத்துவிட்டுத்தான் அந்தப் பக்கம் போவார். "தூங்குமூஞ்சி, நீயெல்லாம் எப்படிடா உருப்படுவே?" அவன் ஒரு கண்ணை மட்டும் திறந்து, "சாப்பிட்டீங்களா மாமா?" என்று கேட்டுவிட்டு அந்தக் கண்ணையும் மூடிக்கொள்வான்.

இப்படி இருக்கும்போது சங்கத்துக்குப் புதிதாக ஒரு டாக்டர் வந்தார். பெண். அதிகம் பேசாதவர். நடுவர்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டு நிறுத்தி, ஆளுக்கு ஒரு பட்டையைக் கொடுத்தார். கணுக்காலில் கட்டிக்கொண்டால் எப்போது தூங்குகிறோம், எப்படித் தூங்குகிறோம் என்று அது குறித்துக்கொள்ளுமாம். கையில் கட்டினால் வீரர்களின் முகத்தில் கிழித்துவிடும் என்பதால் காலுறைக்குள் மறைகிற மாதிரி வாங்கி வந்திருந்தார்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் கழற்றாதீங்க. தூக்கம் ரொம்ப மோசமா இருக்கிறவங்களை ஞாயிற்றுக்கிழமை பட்டப் போட்டிக்கு ஏத்த மாட்டேன். ஒரு கண் அசந்தா ஒரு உயிர் போயிடும்" என்றார் டாக்டர்.

ஞாயிற்றுக்கிழமைப் பட்டப் போட்டி நம் ஆளுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. வாழ்நாளெல்லாம் அவர் காத்துக்கிடந்த போட்டி. டிவியில் காட்டுவார்கள். நாய்ப் படம் வைத்திருக்கிறவன் வாயடைத்துப் போவான். அதை ஒரு ரப்பர்ப் பட்டை பறித்துக்கொள்வதா? வீட்டுக்கு வந்து சோபாவைப் பார்த்தார். மச்சினன் மல்லாந்து கிடந்தான். இத்தனை வருஷத்தில் அந்தக் குறட்டை அவர் காதுக்கு இனிமையாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

"மாப்பிள்ளை" என்றார். தூங்குமூஞ்சி என்றல்லாமல் அவர் அவனை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. அவன் பயந்து எழுந்து உட்கார்ந்துவிட்டான். பட்டையை அவன் காலில் கட்டினார்.

வாசலில் துணிமூட்டையோடு நின்ற மனைவி பார்த்துவிட்டாள். "உங்க தூக்கத்தைத் தூங்கக்கூட எங்க வீட்டு ஆளுதான் வேணுமா?"

"நீ சும்மா இரு. சும்மா படுத்துக் கிடக்கிறவன் குடும்பத்துக்கு ஒரு உபகாரம் பண்ணட்டும்."

ராத்திரி மட்டும் அவன் காலில் கட்டிவிட்டுப் பகலில் தான் கட்டிக்கொண்டிருக்கலாம். வேறு தொழில் செய்கிறவர்களாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பார்கள். இவர் புத்தி போன போக்கு வேறு. மணி அடித்து மணி அடிக்கிற வரைக்கும்தான் ஆட்டம். நடுவில் மூலையில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறதை எவன் கணக்கில் எடுக்கிறான்? தூக்கத்துக்கு ராத்திரிதான் ஆட்டம், பகல் இடைவேளை. பகலைப் பட்டை பார்க்காது என்று முடிவு கட்டிக்கொண்டு, பட்டையை அவன் காலிலேயே விட்டுவிட்டார். தான் வழக்கம்போலப் போர்வைக்குள் போனையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

புதன்கிழமை சாயங்காலம் குத்துச்சண்டை மன்றத்தில் பயிற்சிப் போட்டிகள் இருந்தன. டாக்டர் வரத் தேவையில்லாத சின்னப் போட்டிகள். தலையில் அடி வாங்கி ஆட்டம் நின்றால் மட்டும் நடுவர் அன்றைக்கே டாக்டருக்குச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. கடைசி ஜோடியில் ஒருத்தன் பெயிண்டர். பகலில் சுவருக்கு வண்ணம் அடித்துவிட்டு நகக்கண்ணில் சுண்ணாம்போடு வந்து கையுறை மாட்டுகிறவன். போன வருஷம் நடுவர் வீட்டு வாசல் கேட்டுக்குக்கூட அவன்தான் வண்ணம் அடித்தான். மூன்றாவது ரவுண்டில் பெயிண்டர் மூலையில் மாட்டிக்கொண்டு இரண்டு கையாலும் முகத்தை மூடியிருந்தான். நடுவர் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பார்த்தால் பெயிண்டரின் கைகள் கீழே தொங்கிக்கொண்டிருந்தன, முழங்கால் மடிந்துகொண்டிருந்தது. நடுவர் பாய்ந்து போய் அவனைக் கட்டிப் பிடித்து ஆட்டத்தை நிறுத்தினார். கூட்டம் கத்தியது. பெயிண்டரே தலையை ஆட்டி, "இவ்வளவு நேரம் ஆட விட்டதுக்கு நன்றி சார். இன்னும் கொஞ்சம் விட்டிருக்கலாம்" என்றான்.

"எப்படி இருக்கான்?" என்று மன்றச் செயலாளர் கேட்டார்.

"அடி பெருசா ஒண்ணும் இல்ல. ஆளு களைச்சுட்டான்" என்றார் நடுவர். டாக்டருக்கு யாரும் சொல்லவில்லை. பெயிண்டர் சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

வீட்டில் சாப்பாட்டு மேசையில் நடுவர் கை, கால், தோள் எல்லாவற்றையும் ஆட்டி இந்தக் கதையைச் சொன்னார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாராம். வேறு எவனாக இருந்தாலும் பயந்துபோய் முன்னாலேயே நிறுத்தியிருப்பானாம். இவர் கடைசிச் சொட்டு வரை வாய்ப்புக் கொடுத்தாராம். மனைவி சட்டையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மார்புல மட்டும்தான் ஈரம் இருக்கு, தோள்ல ஒரு பொட்டுகூட இல்லையே. அவன் சாயிற வரைக்கும் நீங்க கிட்டவே போகலையா?"

"போடி, உனக்கு என்ன தெரியும்" என்றார் வீரனுக்கு வாய்ப்புக் கொடுத்தவர்.

வெள்ளிக்கிழமை காலை மச்சினன்தான் அவரைத் தன் வண்டியில் சங்கத்துக்கு அழைத்துப் போனான். வாசலிலேயே பட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு நடுவர் உள்ளே போனார். மச்சினன் வெளியே நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் என்ன செய்வான் என்று சொல்லத் தேவையில்லை.

டாக்டரின் அறை முன்பு பழைய கையுறைகள் போட்டு வைக்கிற கிடங்காக இருந்தது. இன்னும் அந்தப் புளிப்பு நாற்றம் போகவில்லை. டாக்டர் பட்டையைக் கணினியில் மாட்டிவிட்டு நிறைய நேரம் பார்த்தார்.

"நான் இத்தனை நடுவர்களைப் பார்த்துட்டேன். இவ்வளவு நல்லாத் தூங்குறவரைப் பார்த்ததே இல்ல சார்."

நடுவருக்குத் தலை கால் புரியவில்லை. "எல்லாம் பழக்கம்தான் மேடம். மனசு சுத்தமா இருந்தா தூக்கம் தானா வரும்."

"ராத்திரி மட்டுமில்ல, பகல்லயும் தூங்கியிருக்கீங்க. பட்டை அப்பப்ப எனக்கு அனுப்பிக்கிட்டே இருக்கும். அதை நேத்தே பார்த்தேன். புதன்கிழமை சாயங்காலம் ஆழ்ந்த தூக்கம். கால்கூட அசையல. அந்த நேரத்துல நீங்க மன்றத்துல ரிங்குக்குள்ள இருந்தீங்க."

நடுவர் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். அந்த நேரத்தில் மச்சினன் கடையில் யாருக்கோ மெத்தையைப் படுத்துக் காட்டியிருக்கிறான். பகல் இடைவேளை இல்லையா என்று பட்டையிடம் போய்க் கேட்கவா முடியும்?

"பட்டை கெட்டுப் போயிருக்கும் மேடம்" என்று பூசி மெழுகப் பார்த்தார்.

"நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன். அப்புறம் அன்னைக்கு மன்றத்துல எடுத்த வீடியோவைக் கேட்டேன், நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் வந்துச்சு." டாக்டர் கணினியை அவர் பக்கம் திருப்பினார். "பட்டை யார் கால்ல இருந்ததுன்னு நான் கேக்கப் போறதில்ல. நீங்க இதை மட்டும் பாருங்க."

தன் வீடியோவைப் பார்ப்பதென்றால் அவருக்குக் கொள்ளை ஆசை. நிமிர்ந்து உட்கார்ந்தார். திரையில் பெயிண்டர் மூலையில் முகத்தை மூடிக்கொண்டிருந்தான். நடுவர் பக்கத்திலேயே நின்றார். பெயிண்டரின் கை விலகியது, காதுக்கு மேலே ஓர் அடி விழுந்தது. நடுவர் அசையவில்லை. இன்னொன்று விழுந்தது. தலை பின்னால் போய்க் கம்பத்தில் மோதித் திரும்பி வந்தது, வந்த தலையில் மறுபடி விழுந்தது. நடுவரின் கண்கள் திறந்துதான் இருந்தன. இமை கொட்டவில்லை. தோள் தொங்கிப்போய், பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி தூங்குகிறவனைப் போல லேசாக முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தார். பெயிண்டர் அடி வாங்கிக்கொண்டே இருந்தான். அப்புறம் பிரேக் போட்ட பஸ் மாதிரி நடுவரின் உடம்பு ஒரு குலுக்குக் குலுங்கியது. சுற்றும் முற்றும் பார்த்தார். பாய்ந்து போய்க் கட்டிப் பிடித்தார்.

டாக்டர் மறுபடியும் போட்டுக் காட்டினார். நடுவர் ஒவ்வொரு அடியையும் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தார். இவற்றில் ஒன்றுகூட அவர் நினைவில் இல்லை. மூடிய முகம் நினைவிருந்தது, தொங்கிய கை நினைவிருந்தது. நடுவில் இருந்ததை அவர் பார்க்கவே இல்லை, அதனால்தான் ஆள் களைத்துவிட்டான் என்று சொன்னார். அதற்குத்தான் சாப்பாட்டு மேசையில் வாய்ப்பு என்று பெயர் வைத்தார்.

"ஞாயிற்றுக்கிழமை நீங்க ஏற வேண்டாம்" என்றார் டாக்டர்.

வேறு நேரமாக இருந்தால் நடுவர் மேசையில் குத்தியிருப்பார். இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. திரையில் நின்றுபோன பெயிண்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் எப்படி இருக்கார்னு விசாரிச்சீங்களா சார்?"

விசாரிக்கவில்லை. நாய்ப் படம் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தார், பெயிண்டரை விசாரிக்கவில்லை. கேட்டுக்கு வண்ணம் அடித்தபோது வாங்கிய நம்பர் போனில் இருந்தது. அங்கேயே உட்கார்ந்து அதைப் போட்டார். எடுத்தது பெயிண்டரின் மனைவி.

"ஏம்மா, நான் ரெஃப்ரி பேசுறேன். தம்பி இருக்கானா?"

"தூங்குறாரு சார்."

"இந்நேரத்துலயா?"

"அதை ஏன் கேக்குறீங்க. அன்னைக்கு வந்து படுத்தவருதான். தலை வலிக்குதுன்னாரு. நேத்து ஒரு தடவை எந்திரிச்சு வாந்தி எடுத்துட்டு மறுபடி படுத்துட்டாரு. தினமும் ஏணியில நின்னு நின்னு அலுப்பு இல்லையா சார்? நல்லாத் தூங்கட்டும்னு நானும் எழுப்பல. குறட்டையெல்லாம் விட்டுத் தூங்குறாரு."

டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"எழுப்பும்மா" என்றார் நடுவர்.

"பாவம் சார், அப்புறமா..."

"எழுப்பும்மா! இப்பவே எழுப்பு!"

போனை அவள் பக்கத்தில் வைத்தது கேட்டது. "ஏங்க. ஏங்க, எந்திரிங்க. சார் பேசுறாரு." முதலில் கொஞ்சலாக, பிறகு சத்தமாக, பிறகு கட்டில் ஆடுகிற ஓசையோடு. "ஏங்க... என்னங்க, கண்ணைத் திறங்க." அப்புறம் போன் அருகில் வந்த அவளுடைய குரல் வேறு குரலாக இருந்தது. "சார், எந்திரிக்க மாட்டேங்குறாரு சார்."

டாக்டர் போனைப் பிடுங்கிக்கொண்டார். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தண்ணீர் எதுவும் கொடுக்காதீர்கள், ஆம்புலன்ஸ் வருகிறது என்று சொல்லிக்கொண்டே பையை எடுத்தார். போகும்போது அவர் நடுவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பெயிண்டர் செத்துப்போகவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடலாம், இந்த விஷயத்தில் யாரையும் காக்க வைப்பது அயோக்கியத்தனம். மண்டையைத் திறந்து கட்டியிருந்த ரத்தத்தை எடுத்தார்கள். இன்னும் ஓர் அரை நாள் அவன் நன்றாகத் தூங்கியிருந்தால் எடுத்தும் பயனில்லை என்றார்கள். இப்போது மறுபடி சுவருக்கு வண்ணம் அடிக்கிறான், கை எட்டுகிற உயரத்துக்கு மட்டும். ஏணியில் ஏற விடுவதில்லை. ரிங்கில் ஏறுகிற பேச்சே இல்லை.

ஆனால் அந்தக் காலையில் இது எதுவும் நடுவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் எங்கோ ஒரு வீட்டில் ஒருத்தி கட்டிலை உலுக்கிக்கொண்டிருக்கிறாள் என்பதுதான். வெளியே வந்தார். நடைபாதை பெஞ்சில் மச்சினன் தலையைத் தொங்கப் போட்டு, வாயைப் பிளந்து, குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

நடுவர் ஓடிப் போய் அவன் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினார். "டேய்! டேய் மாப்பிள்ளை! எந்திரிடா!"

அவன் உடனே கண்ணைத் திறந்தான். சிரித்தான்.

"என்ன மாமா, நல்லாத் தூங்கியிருந்தேன்ல? சரின்னு சொல்லிட்டாங்களா?"

நடுவர் அவன் பக்கத்தில் பெஞ்சில் சரிந்து உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைக்கத் தோன்றவில்லை. அவன் மறுபடியும் தலையைச் சாய்க்கப் போவதைப் பார்த்து அவன் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"எதையாவது பேசிக்கிட்டே இருடா" என்றார். "தூங்கிடாத."